மழைப் புத்தகத்தில் மூன்று சைபர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் மழை பெய்யவில்லை. அப்படி எழுதி வைத்தவன் நான்தான். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எல்லாரும் நம்பியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில், எட்டாவது மைல்கல்லான எட்டாங்கட்டையில் இருந்த ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது உதவிக் குமாஸ்தா. பெயர் பாலகிருஷ்ணன். அப்பா அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். மகனாவது நிழலில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். உட்கார்ந்தேன். அதற்கு மேல் நான் அங்கே சாதித்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

என் வேலைகளில் ஒன்று மழை அளப்பது. ஆபீஸ் முன்னால் புல்தரையில் ஒரு செம்புக் குவளை நட்டிருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் விழுந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மழை இல்லையென்றால் சைபர். திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துக் கணக்கை பெரிய கிராணி ஐயாவு போனில் கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்கு வாசிப்பார். தோட்ட மேனேஜரான துரை கீழே கையெழுத்துப் போடுவார்.

பிப்ரவரியில் எங்கள் பக்கம் மழை இருக்காது. பால்மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். கிணற்றில் வாளி தரை தட்டும். குவளைக்குள் ஒரு பல்லி குடித்தனம் நடத்தும். தினமும் விடியற்காலையில் போய் ஒரு பல்லியைப் பார்த்துவிட்டு வந்து சைபர் போடுவது ஐந்தாம் பாரம் வரை படித்த மனிதன் செய்கிற வேலையா? அதனால் நான் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். சைபரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். வெள்ளிக்கிழமை எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமை எழுதினாலும் அது ஒரே மாதிரி உருண்டையாகத்தான் இருக்கும்.

எண்பத்தைந்தாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் சைபர் போட்டுவிட்டு ராசா என்ற ஊருக்கு பஸ் ஏறினேன். அங்கே என் அக்கா வள்ளியம்மா எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். பெண்ணும் என்னைப் பார்த்தாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஞாயிறு நாலு மணிக்குக் கடல் பக்கம் வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததாம். மற்ற மாதமாக இருந்தால் காற்று இலைகளில் மோதிக் களைத்துப்போய்த்தான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வரும். பிப்ரவரியில் மரமெல்லாம் மொட்டை. தடுக்க ஒன்றுமில்லை. மூன்றாம் லயத்தில் ஆறு வீட்டுக் கூரை ஒரே மூச்சில் எழும்பிப் போனது. ஒரு தகரம் மாரியம்மன் கோயில் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மழை இரவெல்லாம் பெய்து, திங்கள் விடிந்தும் நிற்கவில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், வேலை வாங்கும் மண்டோர் சின்னையா, “மழை, வெட்டு இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாது, பட்டையெல்லாம் பரவிப் போய்விடும். அதனால் மழை நாளில் வேலை கிடையாது. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. கூரை போனவர்கள் சொட்டச் சொட்ட நின்று, சொட்டச் சொட்டத் திரும்பினார்கள்.

நான் இல்லாத நாளில் ஐயாவு மழையை அளக்க வேண்டும். அவர் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். ஏற்கெனவே எழுதியிருப்பதைப் பார்த்து என் பொறுப்புணர்ச்சியை மெச்சியிருக்கிறார். எட்டு மணிக்கு ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். ஆபீஸ் கூரையில் மழை அடித்த அடியில் மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழிய, “சைபர்! சைபர்! திங்களும் சைபர்தான்!” என்று கத்தினாராம். இதை என்னிடம் சொன்ன ஆபீஸ் பையன்கூடச் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு நான் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. குவளை வழிந்துகொண்டிருந்தது. பல்லியைக் காணோம். அப்போது நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. சுற்றுமுற்றும் பார்த்தேன். குவளையைப் புல்லில் கவிழ்த்தேன். கைக்குட்டையால் துடைத்தும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை துரை ஹெட் ஆபீசிடம் ஆறு வீட்டுக்குத் தகரம் கேட்டார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் பெயர் சிவானந்தம். நம்மாள்தான். திட்டுவதென்றால் தமிழில் திட்டுவார், இல்லை என்று சொல்வதை மட்டும் இங்கிலீஷில் சொல்வார்.

புதன்கிழமை பதில் வந்தது. உங்கள் தோட்டத்துக் கணக்கின்படி அந்த வாரம் மழையே இல்லை, ஆகவே புயலும் இல்லை. தொழிலாளர்கள் டிவி ஏரியல் கம்பங்களைக் கூரைச் சட்டத்தில் கட்டுவதால்தான் கூரை கழன்றிருக்கும். எல்லா ஏரியலையும் இறக்குங்கள். தகரத்தை ஜூன் மாதம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வந்து ஏரியல்களை எண்ணுவார்.

துரை இதை வாசித்துக் காட்டியபோது வாசலில் நல்லம்மாள் நின்றிருந்தாள். மூன்றாம் லயத்துக்காரி, புருஷன் இல்லாதவள், இருபது வருஷமாக அதே மலைச்சரிவில் பால்மரம் வெட்டுகிறவள். அவள் மகள் சந்திரிகாவுக்குத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

“துரை, எனக்கு ஜூன் மாசம் வேணாம். சனிக்கெழம வேணும்” என்றாள் நல்லம்மாள். “பச்சப்பிள்ள வருது.”

“ஏரியலக் கட்டுனா கூரை பறக்கத்தான் செய்யும்.”

“எங்க வூட்டுல டிவியே இல்லைங்க.”

“பக்கத்து வீட்டு ஏரியலா இருக்கும்.”

“பக்கத்து வூட்டு ஏரியலு இன்னும் அப்படியேதான் நிக்குது. எங் கூரதான் போச்சு.”

துரை புருவத்தைத் தேய்த்தார். “மகள மாமியார் வீட்டுக்கு அனுப்பேன். மருமகன் ரவாங்ல ஃபேக்டரியிலதான வேலை செய்யிறாரு?”

“தலப்பிரசவத்த மாமியா வூட்டுக்கு அனுப்பினா அவ காலம் பூராச் சொல்லிக் காட்டுவாங்க. ஒங்க வூட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?”

“ஐ காண்ட் டூ எனிதிங்” என்றார் துரை.

நல்லம்மாள் என் பக்கம் திரும்பினாள். “ஏன் தம்பி, ராசாவுல இருந்துக்கிட்டே எங்க மழய அளந்தியாமே? அவ்ளோ நீளமா ஒன் கை?”

எனக்குக் காது சிவந்தது. எனக்குக் கோபம் வந்தாலும் காது சிவக்கும், வெட்கம் வந்தாலும் சிவக்கும். அதற்கு மேல் எதுவும் நடக்காது. பென்சிலைச் சீவினேன். ஏற்கெனவே சீவிய பென்சில்.

அன்று சாயங்காலமும் மழை. பிப்ரவரி என்று யாரோ வானத்துக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருந்தது. குடை பிடித்துக்கொண்டு மூன்றாம் லயத்துக்குப் போனேன். ஐந்து குடும்பம் பிள்ளைகளை விடுகிற ஆயக்கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது. நல்லம்மாள் மட்டும் போகவில்லை. சாமானையெல்லாம் ஒரு மூலையில் குவித்து, மேலே உரச் சாக்குகளைத் தைத்துக் கட்டியிருந்தாள். மற்ற இடமெல்லாம் வானம். நடுவீட்டில், புதிதாகக் கட்டிய தொட்டில் கயிறு ஈரத்தில் முறுக்கிக்கொண்டு தொங்கியது.

“வா தம்பி, ஒக்காரு. மழ இல்லாத வூடுதான், நனைய மாட்ட” என்றாள்.

டீ கொடுத்தாள். குடிக்கக் குடிக்கக் கோப்பை நிறைந்தது.

“நாந்தான் எழுதினேன் அக்கா. வெள்ளிக்கெழமயே எழுதிட்டேன்.”

“தெரியும். மண்டோரு சொன்னாரு.”

“திட்டுங்க.”

“ஒன்னத் திட்டி என்ன செய்ய? நீ சின்னக் கிராணி. சின்னதாத்தான் தப்புப் பண்ணியிருக்க.” சாக்கின் மடிப்பில் தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றுக் காம்பால் தள்ளிவிட்டாள். “கண்ணு இருக்கிற ஆளுங்க ஒன் சைபரப் பாத்துட்டு, என் கூரயப் பாக்க மாட்டேங்கிறாங்களே. அவங்களச் சொல்லு.”

அன்று எனக்கு வந்த கோபத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. பாதிக் கோபம் என் மேல். மீதிப் பாதியை ஹெட் ஆபீசுக்கும் துரைக்கும் பங்கு போட்டேன்.

வியாழக்கிழமை காலை துரை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். குவளையைக் கவிழ்த்ததையும் கைக்குட்டையையும் விடவில்லை.

துரை பேனாவை மூடி வைத்தார். “இந்த ஒரு வாரந்தானா?”

“போன பிப்ரவரியிலும் உண்டு சார்.”

“அதுக்கு முந்தி?”

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“மை காட்” என்றார். எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “நல்லா கேட்டுக்க பாலகிருஷ்ணன். இந்தப் புத்தகத்துல கீழ யாரு கையெழுத்து?”

“உங்க கையெழுத்து சார்.”

“இப்ப நான் அவங்களுக்கு என்ன எழுதறது? என் கிராணி பொய் எழுதினான், நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டேன்னா? மூணு வருஷத்து மழைய இனி யாரு நம்புவா? புக் இஸ் எ புக். நீ எங்கிட்ட வரல, நானும் கேக்கல. நீ கல்யாணம் பண்ணப் போற பையன். போய் வேலையப் பாரு.”

“நல்லம்மாள் வீடு சார்?”

“ஜூன்.”

கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் பயந்து அடங்கியிருப்பேன். ஒரு பொய்யை எழுதினேன், சரி. அது பொய் என்று எழுதியவனே வந்து சொல்லும்போது, வேண்டாம், பொய்யே இருக்கட்டும், உனக்கும் நல்லது எனக்கும் நல்லது என்றால் என்ன அர்த்தம்? பச்சைப் பிள்ளை நனைந்தால் யாருக்கும் கெட்டது இல்லையா?

என் இடத்துக்கு வந்து செக்ரோலை இழுத்தேன். அது யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் எழுதும் பெரிய புத்தகம். திங்கட்கிழமைப் பக்கத்தில் சின்னையாவின் கோணல் எழுத்தில் குறுக்கே எழுதியிருந்தது: ‘கடும் மழை. வெட்டு இல்லை.’ கீழே துரையின் கையெழுத்து. மழைப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே திங்கட்கிழமை. சைபர். கீழே அதே கையெழுத்து, அதே பேனா.

சம்பளம் போடாமல் இருக்க மழை பெய்திருக்கிறது. கூரை போடாமல் இருக்க மழை பெய்யவில்லை. ஒரே திங்கட்கிழமை. ஒரே மேசை.

ஐயாவு எட்டிப் பார்த்தார். நான் இரண்டையும் விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “நான் கத்திச் சொன்னேனேடா” என்றார் மெல்ல. “சைபர்னு கத்திச் சொன்னேன். என் காதுலயே மழ அடிச்சுது, நான் கத்தறேன்.”

சாயங்காலம் நல்லம்மாளிடம் போய் இரண்டு புத்தகத்தையும் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். முடிவில், “அப்ப எது நெசம்?” என்று மட்டும் கேட்டாள்.

“ரெண்டுலயும் துரை கையெழுத்து இருக்கு அக்கா.”

“சரி, நீ வூட்டுக்குப் போ.”

வெள்ளிக்கிழமை பெரட்டு நேரத்தில் நல்ல மழை. சின்னையா குடையின் கீழ் நின்று வழக்கம்போலத் தொடங்கினார்: “மழை, வெட்டு இல்ல, எல்லாரும்…”

“எந்த மழ மண்டோரே?” என்றாள் நல்லம்மாள்.

“கேலியா? இந்தா பெய்யிதே, இதுதான்.”

“எங்க கூரயத் தூக்கின மழயே மழ இல்லன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. இது எம்மாத்திரம்? இது பனி. நான் வெட்டுக்குப் போறேன்.”

“ஏம்மா, பட்டை ஈரம், பால் நிக்காது…”

“பிப்ரவரி மாசம் பட்டை எப்படி ஈரமாவும்? போங்க மண்டோரே, சும்மா பயங்காட்டாதீங்க.”

அமராவதி என்ற இன்னொருத்தி வாளியைத் தூக்கினாள். “நானும் போறேன்லா. வெயிலு ஏறுறதுக்குள்ள முடிக்கணும்.” யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அறுபது எழுபது பேர் மழைக்குள் நடந்தார்கள். சின்னையா என்னைப் பார்த்தார். நான் குவளையைப் பார்த்தேன்.

எட்டரை மணிக்கு ஹெட் ஆபீஸ் அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளப்பான சப்பாத்து. ஜீப்பிலிருந்து இறங்கியதுமே ஒரு சப்பாத்தைச் சேற்றில் விட்டார். துரை அவரை லயம் லயமாக அழைத்துப் போனார். அவர் தலையை அண்ணாந்து ஏரியல்களை எண்ணினார். நான் பின்னால் குடை பிடித்தேன். அவருக்குத்தான் குடை. மூன்றாம் லயத்தில் அண்ணாந்தபோது மழை நேராகக் கண்ணில் விழுந்தது. “இங்கே கூரை இல்லையே” என்றார். “அதான் சார் ஏரியல்” என்றார் துரை. “எங்கே ஏரியல்?” என்றார் அவர். துரை அடுத்த லயத்தைக் காட்டினார்.

பத்தரை மணிக்குப் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வந்தோம். அங்கே வரிசை நின்றிருந்தது. ஒவ்வொருத்தி தலையிலும் தோளிலும் வாளி. தலைமுடியிலிருந்து, சட்டையிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர். நல்லம்மாள் முதல் ஆளாக வாளியைத் தராசில் வைத்தாள். வாளி நிறையத் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர்கூட அதைவிட வெள்ளையாக இருக்கும்.

நிறுக்கிறவர் வாளிக்குள் பார்த்தார். துரையைப் பார்த்தார்.

“என்ன இது?” என்றார் துரை.

“பாலுங்க” என்றாள் நல்லம்மாள். “நிறுங்க.”

“இது பாலா?”

“இன்னைக்கு மரம் இப்படித்தான் கறக்குது. நல்ல வெயிலு. நெறைய ஊறுது.”

அடுத்த வாளி. அடுத்தது. எல்லாம் விளிம்பு வரை. வரிசை ஸ்டோர் வாசலைத் தாண்டி மழைக்குள் நீண்டிருந்தது. அதிகாரி ஒரு வாளியில் விரலை விட்டு எடுத்தார். துரைக்குப் பொறுமை போயிற்று. தமிழ் வந்துவிட்டது.

“மழத் தண்ணியக் கொண்டாந்து பாலுன்னு நிறுக்கச் சொல்றீங்களா? எனக்கென்ன கண்ணு இல்லையா? மொத்தமும் மழத் தண்ணி!”

தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் மட்டும்.

“துரை வாயால மழன்னு சொல்லிட்டாரு” என்றாள் அமராவதி பின்னாலிருந்து.

அதிகாரி மலாயில் என்ன என்று கேட்டார். நல்லம்மாளுக்குத் தெரிந்த மலாயில் அவளே சொன்னாள். கையை மேலே காட்டினாள், வாளியைக் காட்டினாள், “ஹுஜான்”, அதாவது மழை, என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். “கிராணி, புக்கு கொண்டா.”

என் காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்கு ஓடினேன். என்னால் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. இரண்டு புத்தகத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, தராசின் மேல் திங்கட்கிழமைப் பக்கங்களைத் திறந்து வைத்தேன். இதில் மழை, இதில் சைபர், சைபரை எழுதியவன் நான், வெள்ளிக்கிழமையே எழுதினேன், நேற்றே துரையிடம் சொல்லிவிட்டேன் என்று மலாயில் சொன்னேன். ஐந்தாம் பாரத்தில் மலாயில்தான் நான் கோட்டை விட்டவன். ஆனால் அன்று அந்த நாலு வாக்கியத்திலும் பிழை இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துரை எங்கோ பார்த்தார். அதிகாரி ஏரியல் எண்ணிய தாளைக் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “தோட்டத்தில் இப்போது தகரம் ஏதாவது இருக்கிறதா?”

நிறுக்கிறவர், பாவம், விவரம் தெரியாதவர், உடனே சொல்லிவிட்டார்: “புது புகைவீட்டுக்கு வாங்கினது அறுபது கிடக்கு சார், உரச் சாக்குக்குப் பின்னால.”

அறுபது தகரம்! ஐந்து நாள்! மூன்றாம் லயத்திலிருந்து நூறு கெஜ தூரத்தில், நனையாமல், வெயில் படாமல், ரப்பர் ஷீட்டுக்காகக் காத்துக்கொண்டு. நல்லம்மாள் சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்ததிலேயே பயங்கரமான சிரிப்பு அது.

துரை சீட்டு எழுதினார். எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார், அதே பேனாவில். அதில் என் நேர்மையின்மை பற்றி இரண்டு பத்தி இருந்தது. ஒரு எழுத்தும் பொய்யில்லை, அதனால் கோபப்பட முடியவில்லை. அவருடைய கையெழுத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கோபப்பட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. ஸ்டோரில் தகரம் எடுக்கப் போனால் தகரம் கொடுத்தார்கள். ஆணி கேட்டோம். சீட்டில் தகரம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆணி என்று இல்லை, ஆணிக்கு வேறு சீட்டு வேண்டும் என்றார்கள். துரை கோலாலம்பூர் போய்விட்டார். திங்கட்கிழமைதான் வருவார்.

நான் அப்போது பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சின்னையாகூட, “கிராணி, நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்களா?” என்றார் மரியாதையோடு.

எட்டாங்கட்டை முனையில் மூசா பாயின் கடை. காற்றடித்த மறுநாளே பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர்கள் ஆணி முழுவதையும் வாங்கிப் போய்விட்டார்கள். “இருந்தா தரமாட்டனா தம்பி? இந்தா, டப்பா அடியில கெடந்தது” என்று இரண்டு கைப்பிடி கொடுத்தார். காசு வாங்கவில்லை. “பேரப்பிள்ள பொறந்திருக்காமே, நல்லம்மாவ நான் விசாரிச்சதாச் சொல்லு.” அதில் பாதி செருப்புக்கு அடிக்கிற ஆணி. மீதிக்குக் கூரை பறந்துபோன பழைய சட்டங்களிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். ஐயாவு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லின் முன் உட்கார்ந்து, மூன்று மணி வரை ஆணி நிமிர்த்தினார்.

நான் கூரை மேல் இருந்தேன். ஏன் நான் என்று கேட்டால், நானே கேட்டு ஏறினேன். என் கட்டைவிரலை ஏழு தடவை அடித்தேன். ஆணியை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அடித்தேன் என்று நினைக்கிறேன். ஐந்து வீடு முடிந்தது. நல்லம்மாள் வீட்டை முதலில் செய்யலாம் என்றோம். “மத்த வூட்டுலயும் பிள்ளைங்க இருக்கு, நான் கடைசி” என்றுவிட்டாள் அவள்.

நாலு மணிக்கு சிவப்பு வாடகைக்கார் வந்து நின்றது. சந்திரிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளை துண்டுக்குள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அதே நேரம் கடல் பக்கம் வானம் மறுபடி அந்தக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கடைசித் தகரம் ஒன்று பாக்கி. தொட்டிலுக்கு நேர் மேலே. சட்டத்தில் வைத்தாயிற்று.

“ஆணி!” என்று கத்தினேன்.

ஐயாவு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கல்லின் பக்கத்தில் கிடந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வளைந்து உடைந்தது. சின்னையா ஸ்டோருக்கு ஓடினார். சனிக்கிழமை, மத்தியானத்தோடு மூடிவிட்டார்கள். காற்று வந்துவிட்டது. தகரத்தின் ஓரம் மெல்ல எழும்பி, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்தது.

நான் அதன் மேல் படுத்தேன்.

வேறு யோசனை வரவில்லை. குப்புறப் படுத்து இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டேன். மழை என் முதுகில் இறங்கியது. சட்டைக்குள் புகுந்து காற்சட்டை வழியாக வெளியே போயிற்று. காற்று தகரத்தைத் தூக்கியது. தகரம் என்னைத் தூக்கியது. ஹெட் ஆபீசையும், ஆணிச் சீட்டையும், ஜூன் மாதத்தையும், என்னையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு கிடந்தேன். நல்லவேளை, இடியில் யாருக்கும் கேட்கவில்லை.

“தம்பி!” கீழேயிருந்து நல்லம்மாளின் குரல், தகரத்தின் வழியாக, காதுக்குப் பக்கத்தில். “எறங்கிரு, இடி விழுதுலா!”

“ஒழுகுதா அக்கா?”

கீழே ஏதோ நகர்கிற சத்தம். பார்க்கிறாள்.

“ஒழுகல.”

“அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

“விடாத, கெட்டியாப் புடிச்சுக்க. மண்டோரு கயிறு கொண்டாரப் போயிருக்காரு.”

கீழே பிள்ளை அழத் தொடங்கியது. “ஏன் அழுவுது? நனையுதா?”

“பசிக்கி அழுவுது!” என்று கத்தினாள் நல்லம்மாள். “நீ அந்தப் பக்கம் நல்லா அழுத்திப் படு!”